பூச்சி தொடாத கீரை

என் அக்காவைக் கட்டியவர் ஆஸ்பத்திரி ஸ்டோரில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தார். உடைந்த கட்டில், நெளிந்த பேசின், சக்கரம் போன ஸ்ட்ரெச்சர் எல்லாம் அவரிடம்தான் வந்து சேரும். இனி உதவாது என்று முடிவானதும் அதன் முதுகில் சிவப்பு பெயின்டால் ‘கண்டம்’ என்று எழுதுவார். பிறகு பெரிய டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். ஊரில் உள்ள கண்டமெல்லாம் என் வீட்டுக்குத்தான் வண்டி ஏறி வருகிறது என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்தக் குப்பையை வைத்துத்தான் மச்சான் தோட்டம் போட்டார். கட்டில் சட்டத்தில் பீன்ஸ் ஏறியது. சலைன் ஸ்டாண்டில் வெள்ளரி தொங்கியது. எனாமல் பேசினில் தண்ணீர் ஊற்றி வைத்தார், தவளை குடிவந்தது. பழைய ஊன்றுகோல்களில் துளை போட்டு மண்ணில் நட்டார், காட்டுத்தேனீ வந்து முட்டையிட்டது. தக்காளியில் அணில் கடித்தது போக மீதிதான் எங்களுக்கு. அதுகள் தின்று பார்த்துத் தருவது நமக்கு நல்லதுதானே என்பார். எனக்கு எரிச்சலாக வரும். விதை போட்டது இவர், தண்ணீர் சுமந்தது இவர், முதல் பந்தி அணிலுக்கா?

அக்கா நான்கு மாதம் படுக்கையில் கிடந்து எழுந்தாள். நோய் போய்விட்டது, பசி மட்டும் திரும்பவில்லை. எதை நாக்கில் வைத்தாலும் மண்ணாங்கட்டி மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவாள். விரலில் மோதிரம் நிற்கவில்லை. மச்சான் மிரண்டுபோனார். அவள் ஒரு வாய் சாப்பிட்டால் போதும், வேறெதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே, அவள் கைக்கு எட்டுகிற இடத்தில், அவசர அவசரமாக ஒரு பாத்தி போட்டார்.

ஸ்டோரின் கடைசி மூலையில் கிடந்த மரப் பீரோ அது. கதவைக் கழற்றி, மல்லாக்கப் போட்டு, மண் நிரப்பிக் கீரை விதைத்தார். எந்த வார்டிலிருந்து வந்தது என்ற சீட்டு அதில் இல்லை. மற்ற சாமான்களைத் தேய்த்துக் கழுவி ஒரு வாரம் வெயிலில் போடுகிறவர், இதைத் துடைத்ததோடு சரி.

கீரை தளதளவென்று வந்தது. இலையில் ஒரு ஓட்டை கிடையாது. நான் மெச்சினேன். மச்சான் மெச்சவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். எறும்பு வரிசை பீரோவுக்கு ஒரு சாண் முன்னால் வளைந்து, அதைச் சுற்றிக்கொண்டு போனது. ஒரு சிலந்தி வலை இல்லை. மண்ணைக் கிளறினார், ஒரு புழு இல்லை. பீன்ஸ் பூவிலிருந்து வந்த தேனீ பீரோவின் விளிம்பில் சட்டென்று திரும்பிப் போனது. பகல் பதினோரு மணி வெயிலில் பயந்துதான் போனேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாம் என்று அவர் மண்வெட்டியை எடுத்தபோதுதான் ஜன்னல் பக்க மூலையைக் கவனித்தோம். அங்கே தண்டுகள் கத்தியால் ஒட்ட நறுக்கப்பட்டிருந்தன.

அக்கா சமையலறையில் தட்டை வழித்துக்கொண்டிருந்தாள். பத்து நாளாக, தனக்கு மட்டும் தினமும் சமைத்திருக்கிறாள்.

“இது ஒண்ணுதான்டா எனக்கு ருசிக்குது,” என்றாள் என்னிடம். “அதையும் பிடுங்கணும்னு நிக்கிறாரு.”

ஒரு வாய்க்காக மச்சான் எத்தனை நாள் கெஞ்சியிருப்பார். ஆனாலும் வேரோடு பிடுங்கினார், பீரோவைப் பிளந்து குப்பை வண்டியில் ஏற்றினார். அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, வீண் பயம் வேண்டாம் என்றார்கள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் மூவரும் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். மழை விட்ட நேரம், கொசு பிடுங்கி எடுத்தது. நானும் மச்சானும் கை காலில் அறைந்துகொண்டே பேசினோம். அக்கா கையில்லாத சட்டையோடு ஆடாமல் அசையாமல் இருந்தாள்.

“என்னை இப்பல்லாம் கொசு கடிக்கிறதே இல்ல,” என்றாள், பெருமையாக.

மச்சான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். அன்றிலிருந்து தினமும் இருட்டும்வரை இதே வேலை. ஒரு கொசுவுக்காக இப்படி ஏங்கிய மனிதரை நான் பார்த்ததில்லை. சிரிக்க வேண்டிய விஷயம்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்பதாம் நாள் ஒன்று வந்து அவள் முழங்கைக்குக் கீழே உட்கார்ந்தது. அக்கா பழக்கதோஷத்தில் மறு கையை ஓங்கினாள். மச்சான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அடிக்காதம்மா. குடிக்கட்டும்.”

மூச்சு விடாமல் பார்த்தோம். கொசு கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. பிறகு எழும்பி, மச்சானின் கையில் போய் உட்கார்ந்து குடிக்கத் தொடங்கியது.