கோயிலடியில் கண்ணை மூடிய சாரதி

இன்று காலை பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் மினிபஸ்ஸில் முன் இருக்கையில் இருந்தேன்.

நெல்லியடி தாண்டியதிலிருந்து சாரதி கொட்டாவி விட்டபடியே ஓட்டினார். வல்லை என்ற வெட்டவெளியில் பஸ் ஒருமுறை றோட்டுக் கரைவரை போய்த் திரும்பியது. நான் முன்னாலிருந்த கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வழக்கம்போல றோட்டோரக் கோயிலடியில் நிறுத்தினார்கள். நடத்துனர் இறங்கி உண்டியலில் காசு போட்டு, திருநீறு கொண்டுவந்து சாரதியின் நெற்றியில் பூசினார்.

பூசுவதற்காகக் கண்ணை மூடிய மனிதர் பிறகு திறக்கவே இல்லை. குறட்டை வந்தது.

"அண்ணை, எழும்புங்கோ!" நடத்துனர் தோளை உலுக்கினார்.

"இராத்திரி முழுக்கத் தங்கச்சி கனடாவிலை இருந்து கதைச்சவள். அவளுக்கு அங்கை பகல்தானே," என்றார் சாரதி, கண்ணைத் திறக்காமலே.

"அப்ப படு தம்பி. உன்ரை கொப்பரை எனக்குத் தெரியும். அவரும் லொறி ஓடேக்கை நித்திரை வந்தா உந்தக் கோயிலடியிலைதான் சாக்கை விரிச்சுப் படுக்கிறவர். ஒருநாளும் ஒருத்தரையும் இடிக்கேல்லை," என்றேன்.

பின்னாலிருந்த பெண்ணுக்கு இந்தக் கிழவன்மேல் கோபம். "அப்பு, எனக்குக் கிளினிக்குக்கு நேரம் போகுது!"

"அம்புலன்சிலை போறதிலும் பார்க்கப் பிந்திப் போறது நல்லது பிள்ளை," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். சாரதி படுக்கட்டும் என்று நடத்துனர் பஸ்ஸில் ஓடிய பாட்டை நிறுத்தினார்.

கொஞ்ச நேரத்தில் சாரதி தானாகவே எழும்பி, முகம் கழுவி, நேராக ஓட்டினார். யாழ்ப்பாணத்தில் கிளினிக் பெண்ணைத்தான் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, போன் எடுக்கமுன் இங்கே எத்தனை மணி என்று பாருங்கள்.

இதை நான் சொல்ல இன்னொருவர் எழுதினார்; எனக்கு வாசிக்கத் தெரியாது, பதிலைக் குரலில் அனுப்புங்கள். அதையும் இங்கே விடிந்த பிறகு அனுப்புங்கள்.