வில்லியனூர் மாடிப் போர்ஷன்

பாகூர்ப் பக்கத்துக் கிராமத்தை விட்டு பாண்டிச்சேரிக்குக் குடிபோவது என்று நாங்கள் முடிவெடுத்தபோது வெளியே சொல்ல இரண்டு காரணங்கள் இருந்தன. மகளுக்கு டவுன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பில் இடம் கிடைத்திருந்தது. நான் அரியூரில் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். ஊரிலிருந்து டவுனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து அரியூருக்கு இன்னொரு பஸ் என்று போய் வந்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஏழு வீடுகள் என் கணவரின் பங்காளிகள் வீடுகள். டூட்டி முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் ஏழு வாசலுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வரவேண்டும். ஏன் லேட்டு, பையில் என்ன, இறக்கிவிட்ட பைக் யாருடையது. யாரும் ஒன்றும் கேட்காத ஒரு தெருவில் இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை பைக்கின் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு வீடு பார்க்கப் போனோம். முதலியார்பேட்டையில் பார்த்த வீட்டின் சுவரில் முழங்கால் உயரத்துக்கு மழைத்தண்ணீர் நின்ற கறை. லாஸ்பேட்டையில் வீட்டுக்காரர் எங்களை உட்காரக்கூடச் சொல்லாமல், கறி மீன் சமைப்பீர்களா என்று கேட்டார். முத்தியால்பேட்டை வீட்டில் பட்டப்பகலிலும் லைட் போடவேண்டியிருந்தது.

நான்காவது ஞாயிறு ரெட்டியார்பாளையத்தில் ஒரு வீடு பார்த்தோம். மெயின் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே. கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"மோட்டார் போட்டா மறக்காம நிறுத்துவியாம்மா?"

"நிறுத்துவேன் மேடம்."

"அது போதும்."

மகள் அறைக்கு அறை ஓடினாள். என் கணவருக்கும் பிடித்துவிட்டது என்று அவர் ஜன்னல் கதவைத் திறந்து மூடிப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. நான் மனதுக்குள் அடுப்பை எங்கே வைப்பது என்று பார்க்க ஆரம்பித்திருந்தேன். அப்போது என் கணவர் அந்த அம்மாவிடம் சொன்னார்: "அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்லிடறோங்க."

என் கணவருக்குப் பத்து வயதிருக்கும்போது அவருடைய அப்பா இறந்துவிட்டார். அவரை வளர்த்து, படிக்கவைத்து, என்னைப் பெண் கேட்டு வந்தது வரைக்கும் அண்ணன்தான். ரிட்டயர் ஆகி வில்லியனூரில் சொந்த வீட்டில் இருக்கிறார். நான் அவரை மாமா என்றும், அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அவர்களுடைய பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த ஞாயிறு வில்லியனூருக்குப் போனோம். மாமா எங்களை உட்காரவிடவில்லை. "வாங்க, மேல வாங்க" என்று படியேறினார். மொட்டை மாடியாக இருந்த இடத்தில் இரண்டு அறையும் சமையலறையுமாக ஒரு போர்ஷன் கட்டி முடிந்திருந்தது. சுண்ணாம்பு வாசனைகூடப் போகவில்லை.

"தம்பி டவுனுக்கு வர்ற நெனப்புல இருக்கான்னு பொங்கலுக்கே கேள்விப்பட்டன், அப்பவே வேலய ஆரம்பிச்சிட்டன். நம்ம வூடு இருக்கசொல்ல ஊரான் வூடு இன்னாத்துக்கு?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சமையல் மேடை உன் ஒயரத்துக்குத்தாம்மா. நீ கீழ வந்து நிக்கறத பாத்து வெச்சிதான் மேஸ்திரிகிட்ட அளவு சொன்னன்" என்றார்.

நான் மேடை அருகே போய் நின்றேன். அளவு சரியாக இருந்தது.

அரியூர் இங்கிருந்து கிட்டே. ஸ்கூல் வேன் கேட் வாசலுக்கே வரும். மகளுக்கென்று ஒரு அறைக்கு ரோஸ் கலர் அடித்திருந்தார். அவர் நல்ல மனதோடுதான் செய்தார் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. மறுத்துச் சொல்ல என்னிடம் ஒரு காரணம்கூட இல்லை.

சாப்பிட்ட பாத்திரங்களைப் பின்பக்கம் தேய்க்கப் போனபோது அக்கா குழாயை நன்றாகத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்துக்குள் குனிந்தபடியே பேசினார்.

"நீ இங்க வராதடி. இன்னா சாக்கு சொல்லுவியோ தெரியாது, வேற வூடு பாத்துக்க."

எனக்குச் சுருக்கென்றது. "ஏங்க்கா, நான் வர்றது புடிக்கலியா?"

"புடிக்காமயா? பேச்சுத்தொணைக்கு ஆளில்லாம கெடக்கறவ நானு. அவுரு எல்லாத்தியும் கேப்பாருடி. யாரு வந்தா, எத்தினி மணிக்கு வந்தா, போன்ல யாருகிட்ட பேசனா. எனக்குப் பழகிப்போச்சி. நீ வந்தா உன்னப் பத்தி என்னியக் கேப்பாரு. சொல்லலன்னா எனக்குக் கஷ்டம். சொன்னா உனக்குக் கஷ்டம். நமக்குள்ள இன்னாத்துக்கு அது?"

அதற்குள் மாமா உள்ளேயிருந்து தண்ணீர் வீணாவதாகச் சத்தம் போட்டார். அக்கா குழாயை மூடிவிட்டார்.

அந்த வாரம் முழுவதும் நான் சாக்குத் தேடினேன். படியேறினால் மூச்சு வாங்கும் என்றேன். மாடியில் வெயில் இறங்கும் என்றேன். பிள்ளைக்கு விளையாடத் தோழிகள் இருக்கமாட்டார்கள் என்றேன். என் கணவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். புதன்கிழமை காலை நான் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது, "அண்ணன்கிட்ட சரின்னு சொல்லிட்டேன். பாவம், நமக்காகக் கட்டியிருக்காரு" என்றார்.

அப்போதுதான் சொல்லிவிட்டேன். "உங்க அண்ணியே என்ன வரவேணாம்னு சொன்னாங்க."

"யாரு, அண்ணியா?"

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. குழாயடியில் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். ரெட்டியார்பாளையம் வீடு எப்படியாவது கிடைத்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. அவர் கள்ளமில்லாத மனிதர். அண்ணனுக்கும் அண்ணிக்கும் நடுவில் ஏதோ மனத்தாங்கல், பேசினால் தீர்ந்துவிடும் என்று நினைத்து, அன்று மாலையே வில்லியனூர் போய் அண்ணனிடம் நேராகக் கேட்டுவிட்டார். திரும்பி வந்து, "ஒண்ணுமில்லயாம். அண்ணி விளையாட்டுக்குச் சொன்னாங்களாம்" என்றார். அந்த வீட்டில் அன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

ஆவணியில் பால் காய்ச்சினோம். அக்கா மேலே வந்து கோலம் போட்டு விளக்கேற்றினார். என் பக்கம் திரும்பி, "மொதல்ல சக்கர டப்பாவ எடுத்து உள்ள வைங்க" என்றார்.

வைங்க. அதுவரை ஒருநாளும் அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. வாடி, போடி, சாப்டியா என்றுதான் பேசுவார். அன்றிலிருந்து எல்லாமே வாங்க, போங்கதான். குழம்பு கொடுத்தனுப்புவார், மகளுக்குத் தலை பின்னிவிடுவார், நான் காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைத்துத் தருவார். ஆனால் என்னோடு உட்கார்ந்து பேசமாட்டார். கீழே அவர் நடமாடுகிற சத்தம் மேலே கேட்கும், மேலே நான் நடப்பது கீழே கேட்கும். ஊரிலாவது ஏழு வாசல் தாண்டினால் என் வீடு வந்துவிடும். இங்கே என் வீட்டுக்குப் போக அவர்கள் போர்ட்டிகோ வழியாகத்தான் படியேற வேண்டும். அங்கே மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் உள்ளே வந்ததும் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்.

போன வருஷம் ஒரு மாலை, நான் கேட்டுக்கு வெளியே செருப்பில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே மாமா என் மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நேத்து நான் வெளிய போயிருந்தசொல்ல அம்மா எத்தினி மணிக்கு வந்தா?"

"ஏழரைக்கு, பெரியப்பா."

"யாரோட வந்தா?"

"ஒரு ஆன்ட்டி ஸ்கூட்டில விட்டாங்க." பரீட்சையில் பதில் தெரிந்த சந்தோஷத்தோடு சொன்னாள்.

சமையலறையிலிருந்து அக்கா, "பாப்பா, இங்க வா, முறுக்கு தரன்" என்று கூப்பிட்டுக்கொண்டே வெளியே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

மறுநாள் மாமா கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது நான் கீழே இறங்கிப் போனேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அன்னிக்கு நீங்க சொன்னத எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னது நான்தான்" என்றேன். அழுதுவிட்டேன்.

"உங்களத் தவிர வேற யாருகிட்டயும் நான் சொல்லலியே" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "கொழந்தய இதுல பழக்க வேணாம். அவுரு என்னியே கேக்கட்டும், நான் சொல்லிக்கறன். நீங்க இன்னா சொல்லச் சொல்றீங்களோ, அத சொல்றன்."

போன வெள்ளிக்கிழமை டூட்டி முடிந்ததும் எனக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. வில்லியனூர் ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். விழுப்புரம் வண்டி வந்து நின்று போனது. ஏறியவர்கள், இறங்கியவர்கள் எல்லாரையும் பார்த்தேன். அவர்களில் ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அரைமணி நேரம் கழித்து எழுந்து நடந்தேன்.

கேட்டைத் திறந்தபோது மாமா வழக்கம்போல நாற்காலியில் இருந்தார். அக்கா கதவோரம் நின்று மல்லி கட்டிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"இன்னிக்கு லேப்ல வேல ஜாஸ்தியாம். அப்பவே போன் பண்ணிச் சொன்னாங்க" என்றார் அக்கா, பூவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்பிடியா" என்று மாமா எழுந்து கேட்டைப் பூட்டப் போனார். நான் படியேறினேன்.