கழற்றிப் போட்ட வண்டி

ஓடுகிற வண்டியை எதற்குக் கழற்றுகிறீர்கள் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் கேட்காத ஆள் கிடையாது. கேட்டவர்களிடம் நான் முகம் கொடுத்துப் பேசியதும் கிடையாது. நின்றுபோன பிறகு கழற்றினால் அதற்குப் பெயர் பராமரிப்பு இல்லை, ஒப்பாரி.

வண்டி ஒரு பழைய வெளிநாட்டு ஜீப். தோட்டத்துத் துரைக்காக வந்தது. தோல் சீட்டு, மரம் பதித்த டேஷ்போர்டு, கூரையில் திறக்கிற கண்ணாடி. துரைமார் மாறி மாறி ஓய்ந்து, வண்டியும் கிழமானதும் விற்றுவிட்டார்கள். அதை ஓட்டிக்கொண்டிருந்த என் கணவரே சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்த தன் சேமலாபப் பணத்தைப் போட்டு வாங்கினார். நமுனுகுல மலையில் எங்கள் டிவிசனுக்கு ஏறும் ரோடு கல்லும் குழியும்தான். மழையென்றால் ஆட்டோ ஏறாது. அம்புலன்ஸ் கீழே தார் ரோட்டோடு நின்றுவிடும். ஏறி இறங்குவது கொழுந்து லொறியும் எங்கள் ஜீப்பும்தான். ஹயருக்கென்று, வாடகைக்கு ஓட்ட வாங்கிய வண்டி ஆஸ்பத்திரி வண்டியாகிவிட்டது. ஒரு வீட்டில் பெண் உண்டானால் முதலில் மருத்துவிச்சிக்குச் சொல்வார்கள். அடுத்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து மாதத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அதை வைத்துத்தான் வண்டி வேலையை எப்போது செய்வது என்று தீர்மானிப்போம்.

சொகுசு வண்டி கிழமானால் பெரிய வீட்டு மாப்பிள்ளை மாதிரி. மனதில் இருப்பதைச் சொல்லாது; ஒரு நாள் திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதன் எஞ்சினுக்குள் டைமிங் பெல்ட் என்று ஒரு ரப்பர் பட்டி இருக்கிறது. காலம் முடிந்ததும் மாற்றிவிட வேண்டும். அறுந்தால் எஞ்சினே போய்விடும். ஆயுத பூசைக்குச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினால் போதாதா என்று லயத்தில் கேட்பார்கள். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள்; ஆனாலும் பழம் வைக்க விட்டுவிடுவோம். பழம் சக்கரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், பெல்ட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பேன்.

கடைசி லயத்துப் பெண்ணுக்கு அது முதல் பிள்ளை. கொழுந்து பறிக்கிறவள். கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்து உண்டானாள். அவளே பழத்தோடு வந்து, "அக்கா, ஐப்பசி கடைசின்னு சொல்றாங்க. அண்ணன அப்ப எங்கயும் ஹயர் போயிற வேணாம்னு சொல்லுங்க" என்றாள். பெல்ட்டின் காலம் முடிந்திருந்தது. இவளை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது அறுந்தால் என்ன செய்வது? புரட்டாசியிலேயே மாற்றிவிடுங்கள் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். பசறையிலிருந்து பாஸ் வந்தார். மெக்கானிக்கை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். ரேடியேட்டரை இறக்கி, எஞ்சினின் முன்பக்கம் முழுவதையும் கழற்றினார். பிறகு பார்த்தால், கொழும்பிலிருந்து வந்திருந்த பெல்ட் வேறு சைஸ். அதைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறொன்றுக்குக் காத்திருந்தோம்.

அந்த இடைவெளியில்தான் அவளுக்கு வலி வந்தது. மாதம் ஆகவில்லை. நல்ல மழை. அவள் புருஷன் ஓடி வந்து எங்கள் வண்டிக் கொட்டகை வாசலில் நின்றான். சாக்கின் மேல் பரப்பிக் கிடந்த சாமான்களைப் பார்த்தான். திரும்பி ஓடினான். கொழுந்து லொறியில் கொண்டு போனார்கள். பிள்ளை வழியிலேயே பிறந்தது. அழவில்லை.

நான் சொன்னது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் சரிதான் என்பேன். சரியாக இருந்து யாருக்கு என்ன கிடைத்தது? அடக்கம் முடிந்து வந்து அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். புது பெல்ட் வந்தபோது என் கணவர் அதைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. பாஸ் மாட்டிவிட்டுப் போனார்.

யாரும் எங்களைக் குறை சொல்லவில்லை. அவளும் வழியில் கண்டால் சிரிப்பாள். ஆனால் அதற்குப் பிறகு என் கணவருக்கு பானட்டைத் திறக்கவே கை வரவில்லை. ஒயில் மாற்றுவதைக்கூட நாளை, நாளை என்று தள்ளினார். அடுத்த வருடம் ரேடியேட்டர் ஹோஸ் உப்பிப்போய் இருந்தது. பிரேக் மிதித்தால் பாதி வரை சும்மா இறங்கியது. அந்த ஆடியில் அவள் மறுபடியும் உண்டாகியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டோம். எங்கள் வீட்டுக்குப் பழம் வரவில்லை. எனக்கு வலித்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்றே தெரியாத கோபம்.

"கழட்டுனாலும் பயம், கழட்டாட்டியும் பயம். என்னால முடியாது" என்றார் அவர்.

"அப்ப அவகிட்டயே கேப்போம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

"வண்டியில பிரேக்கு, ஹோஸு எல்லாம் மாத்தணும். மாத்தாம ஒன்ன அதுல ஏத்த மாட்டேன். எப்ப கழட்டட்டும்னு நீயே சொல்லு."

அரிசியில் கல் பொறுக்கினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"அஞ்சாம் மாசம்தான்க்கா ஆகுது" என்றாள். "இப்பவே கழட்டிருங்க. நானும் வந்து ஒக்காந்துக்கிறேன்."

வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாள். பாஸ் வந்த அன்று, ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போகாமல், வேலையை விட்டுவிட்டு, கொட்டகையில் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்தாள். பாஸ் ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற, வயிற்றில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போனது. என் கணவர் பாஸ் கேட்ட ஸ்பானர் சாவியை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். கார்த்திகை மழையில் அதே வண்டியில் அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், பிள்ளையோடு திரும்பி வந்தாள். ஆனால் என் மனதில் நிற்பது அந்த ஆடி மாதத்து மாலைதான். எஞ்சின் ஸ்டார்ட் ஆன பிறகுதான் அவள் பெட்டியை விட்டு எழுந்தாள்.

"அண்ணே, என்ன ஒருக்கா ஏத்திக்கிட்டுப் போறீங்களா?"

பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த வண்டியில் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை. மெதுவாக இறங்கினோம். சவுக்கு மரங்கள் நிற்கும், ரோடு வளையும் ஒரு முடக்கில் சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"இங்கதான்க்கா."

பிள்ளை பிறந்தது எந்த இடம் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. கேட்கத் தைரியமும் இருந்ததில்லை. என் கணவர் பிரேக்கில் காலை வைத்தார்.

"நிப்பாட்டாதீங்கண்ணே" என்றாள். "போங்க."

அவர் நிறுத்தவில்லை. பசறை வரை போய்விட்டுத் திரும்பி வந்தோம்.