ஆடிக்குள் முடியும் தவணை

ஊர்ச் சபையின்மேல் வழக்குப் போட ஏலாதாம் என்ற கதையை நான் இலண்டனில், ஒரு பிறந்தநாள் வீட்டில் கேட்டேன். சொன்னவருக்கு அதை ரொறன்ரோவிலிருந்து யாரோ சொன்னார்களாம். "புளியங்கூடலிலை ஒரு தையல்காரி மதகுக்குள்ளை விழுந்து காலை முறிச்சுப்போட்டா. சபை கையை விரிச்சிட்டுதாம்."

அந்தத் தையல்காரி என் ஒன்றுவிட்ட அக்கா மீனலோசனி என்பது அவருக்குத் தெரியாது.

அக்காவின் பிழைப்பு முழுவதும் அவளுடைய வலது பாதத்தில் இருந்தது. தையல் மெசினின் மிதிபலகையில் அது ஏறி இறங்க, யாழ்ப்பாணத்துத் தீவுகளில் நாரந்தனையிலிருந்து நயினாதீவு வரைக்கும் பள்ளிச் சட்டைகளும் கலியாணச் சட்டைகளும் போகும். துணியை விரித்துவிட்டு நெடுநேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். உடுக்கப்போகும் ஆள் அதற்குள் மெல்ல நிரம்பி எழும்பி வருவதுபோல எனக்குத் தோன்றும். பிறகுதான் கத்தரிக்கோலை எடுப்பாள்.

அந்தப் பிறந்தநாளுக்கு முந்தியே, 1984ஆம் ஆண்டு ஆடியில், அவளுடைய தமையன் ஐயாத்துரை அண்ணை பேசி அனுப்பிய ஒலிநாடா வெளிநாட்டில் இருந்த எனக்கு வந்தது. ஓடவிட்டதும் முதலில் வந்தது காற்று. பிறகு ஓலை உரசும் சத்தம், ஒரு காகம், யாரோ கதிரையை இழுப்பது. நான் இருந்த அறை ஆழமில்லாத கடலொன்றின்மேல் மிதப்பதுபோல் இருந்தது. அதற்குள்ளிருந்து அண்ணையின் குரல் வந்தது. சித்திரையில், மைமல் இருட்டில், தைத்த சட்டைகளைக் கொடுத்துவிட்டு வந்தபோது அக்கா விழுந்தாளாம். முறிந்த வலது கால் எலும்பு கோணலாகப் பொருந்திவிட்டது. கொழும்பில் மறுபடி முறித்து நிமிர்த்தலாம். சபை நட்டஈடு தந்தால்தான் அது நடக்கும்.

சட்டத்தரணி பாலசிங்கம் வீட்டுக்கு வந்த நேரம் அண்ணை பதிவை நிறுத்தாமல் விட்டிருந்தார்.

"பிள்ளை, கேளும். றோட்டு தானாச் சிதைஞ்சு கிடந்து விழுந்திருந்தால் சபையைக் கேக்க ஏலாது. இது அவையளே மதகுக் கல்லைக் கிளப்பிப்போட்டு, ஒரு தடிகூட நட்டுவைக்காமல் போனவை. அதாலை கேக்கலாம். ஆனால் சபைக்கு எதிரா எண்டால் முதல் எழுத்திலை அறிவித்தல் குடுக்கவேணும். அதுக்கு ஒரு தவணை இருக்கு, இன்ன நாளுக்குள்ளை எண்டு. உம்மடை தவணை ஆடிக்குள்ளை முடியுது."

"ஆவணி பிறக்கட்டும் ஐயா. கையெழுத்து வைக்கிறன்."

"ஆவணியிலை வைச்சால் அந்தக் கடதாசியிலை வடை சுத்தலாம்."

"ஆடியிலை நான் ஒரு சட்டைகூடப் புதிசாத் தொடங்குறேல்லை."

"வழக்கு என்ன கலியாணமோ?"

"என்ரை கால் நிமிர்றது நல்ல காரியம் இல்லையோ ஐயா? அதை ஆடியிலை தொடங்கி, இழுபட்டுப் போச்செண்டால்?"

"அப்ப கெட்ட காரியம் எண்டு நினைச்சு வையடி!" என்றார் ஐயாத்துரை அண்ணை.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவின் சிரிப்புத்தான் கடைசியாக ஓய்ந்தது. பிறகு அவள் தேத்தண்ணி எடுக்க எழும்பிப் போகும் சத்தம்: ஒரு காலடி, ஓர் இழுவை, ஒரு காலடி, ஓர் இழுவை. அலை வந்து மணலை இழுத்துக்கொண்டு போவதைப்போல, குசினிப் பக்கமாகத் தேய்ந்து போயிற்று.

நாடாவின் முடிவில் அண்ணை தணிந்த குரலில் பேசினார். "கடைசி நாள் காலமை இவளைப் பாலசிங்கத்தாற்றை கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போறன். வைக்கிறாளோ விடுறாளோ, கந்தோர் பூட்டுமட்டும் அங்கைதான் இருப்பம்." நாளையும் சொன்னார், கந்தோரின் தொலைபேசி இலக்கத்தையும் சொன்னார்.

நாடா கடலும் மலையும் கடந்து, நாள் கணக்கெடுத்து, ஆறுதலாகத்தான் வந்திருந்தது. அவர் சொன்ன நாள் அடுத்த நாள்.

அன்றிரவு எனக்குச் சரியான நித்திரை இல்லை. கண் சொருகும்போதெல்லாம் மதகுக்குக் கீழே தண்ணீர் ஓடியது. கிளப்பிய கல் அதன்மேல் இலையைப்போல மிதந்து போனது. விடியப்புறம் ஒரு யோசனை வந்தது. அறிவித்தல் ஒரு தொடக்கம் இல்லையே. சித்திரையில், அவள் விழுந்த அந்தக் கணத்திலேயே காரியம் தொடங்கிவிட்டது. தொடங்கியதை ஆடியில் நிறுத்தி வைக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பாதி தைத்த சட்டையை அவளே ஆடியில் முடித்துக் கொடுக்கிறாள்தானே. இதைச் சொன்னால் அவள் கையெழுத்து வைப்பாள்.

அங்கே பகல். கந்தோர் திறந்திருக்கும். அண்ணை சொன்ன இலக்கத்தைச் சுழற்றினேன். மணியடிக்கத் தொடங்கியது. வெயிலில் வெளுத்த ஒரு மேசை என் மனக்கண்ணில் தெரிந்தது. அதன் அருகே இரண்டு கதிரைகள், ஒன்றில் அக்கா காலை நீட்டியபடி. மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் சொல்லவேண்டியதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை. வைத்துவிட்டு மீண்டும் சுழற்றினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.