நாடாவில் மூன்று மணி

இது நடந்தது, கதையன்று. முப்பத்தாறு ஆண்டுகள் பிள்ளைகளின் பிழை திருத்தியவன் நான். என் வீட்டு இழவில் ஒரு நிமிடத்தையும் கூட்டி எழுத மாட்டேன்.

என் மகள், காற்றில் மிதக்கும் துகள்களைக் கண்டறியும் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றுகிறாள். அதன் மொட்டைமாடியில் ஒரு கருவி. அதன் மோட்டார் நிமிடத்திற்குப் பத்து லிட்டர் காற்றை இழுக்கும். ஏறத்தாழ ஓர் ஆள் மூச்சிழுக்கும் அளவு. உள்ளே, பசை தடவிய நாடா மணிக்கு இரண்டு மில்லிமீட்டர் நகரும். எந்தத் துகள் எத்தனை மணிக்கு வந்தது என்பதை நாடாவே சொல்லிவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு அவள் நாடாவை எடுத்தாள். கருவி ‘ஸ்ஸ்...’ என்று இழுத்துக்கொண்டிருந்தது. புது நாடாவை மாட்டிவிட்டு இறங்கினாள்.

2.40. நுண்ணோக்கியில் பார்த்தாள். மகரந்தம், புகைக்கரி. 11 மணிக் கோட்டோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை.

அந்தக் கோட்டுக்கு அப்பால், வெற்று நாடாவில், எட்டு மில்லிமீட்டர் தள்ளி... கண்ணாடித் தூள். இரத்த அணுக்கள். மஞ்சள் நூலோடு முறுக்கிய நீலக் கம்பளி இழை.

கணவனுக்கு அவள் தன் கையால் பின்னிய ஸ்வெட்டரின் இழை அது. எட்டு மில்லிமீட்டர் என்றால் நான்கு மணி நேரம். அதாவது, இன்று மூன்று மணி!

2.56. கணவனை அழைத்தாள்.

“ஏங்க, அந்த நீல ஸ்வெட்டரைக் கழட்டுங்க!”

“என்னடி, ஃபோன்லயே ஆரம்பிச்சிட்டியா?”

“விளையாடாதீங்க!”

“எங்கிட்ட இல்லம்மா. குளிருதுன்னு உங்கண்ணன் காலையில மாட்டிட்டுப் போயிட்டாரு. உங்க ஆபீஸ் மாடியிலதான் ஏதோ ரிப்பேராம்.”

அண்ணன். கருவிகளைப் பழுதுபார்ப்பவன். என் மகன்.

படியேறி ஓடினாள். ‘ஸ்ஸ்... ஸ்ஸ்...’ மேலே போகப் போக, அந்த இழுப்பு வேகமானது.

2.59. கதவைத் தள்ளினாள். கூடத்திற்கு வெளிச்சம் தரும் கண்ணாடிக் கூரையின் ஓரத்தில், நீல ஸ்வெட்டரோடு, முதுகு காட்டி நின்றான்.

“அண்ணா, அசையாத!”

“ஏன் கத்துற, கழுதை?”

திரும்பினான். ஓரடி பின்னால் வைத்தான்.

சளார்...

நான்கு மாடி.

முதுகு ஒடிந்தது. கண்ணாடி கழுத்தை அறுத்தது. சுவரெல்லாம் இரத்தம்.

‘ஸ்ஸ்...’

நின்றது.

‘தவறி விழுந்தார்’ என்று இரண்டே சொல்லில் அறிக்கையை முடித்தார்கள், வெட்கமற்றவர்கள்! கருவியின் அடியில் திருகி மூடிய பெட்டியைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நான்தான் திறக்கச் சொன்னேன்.

உள்ளே மோட்டார் இல்லை.

வெள்ளிக்கிழமையே என் மகன் அதைக் கழற்றியிருக்கிறான். செவ்வாயன்று திரும்பப் பொருத்தத்தான் மாடிக்குப் போயிருக்கிறான்.

மோட்டார் அவன் பையில் இருந்தது. சுற்றிய துணியின் முடிச்சுக்கூட அவிழ்க்கப்படவில்லை.