கழுத்துப் பட்டை

நான் வேலை பார்த்தது காரைக்காலில், நிலத் தகராறுகளைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தில். கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். கடைசிச் சில ஆண்டுகள் எனக்கு இரண்டு பொறுப்புகள். ஒன்று, ஸ்கூட்டரில் போய் இடத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவது. சுரக்குடியில் வரப்பு நகர்ந்துவிட்டது என்பார்கள். போய்ப் பார்த்தால் வரப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அண்ணனும் தம்பியும்தான் நகர்ந்திருப்பார்கள். திருவேட்டக்குடியில் வலை காயப்போடும் மணலுக்கு யாரோ வேலி போட்டிருப்பார்கள். வெயில், காற்று, நாலு பேர் வாய்ச்சண்டை, ஒரு டீ. அந்த வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இன்னொன்று வழக்குகள். எங்கள்மேல் வழக்குப் போடுகிறவர்கள் சென்னையில் போடுவார்கள். பதில் மனுவைக் காரைக்காலில் நாங்கள் எழுத வேண்டும். அதற்கு ஒப்புதல் தர வேண்டியவர்கள் புதுச்சேரியில். தாக்கல் செய்ய வேண்டிய வழக்கறிஞர் சென்னையில். நாங்கள் புதுச்சேரி மாநிலம்தான், ஆனால் நடுவில் வழி முழுக்கத் தமிழ்நாடு. புதுச்சேரியில் ஒருவர் ஒரு காற்புள்ளியை மாற்றினால் மனு மறுபடி எங்களிடம் வரும். நாங்கள் திருத்தி அனுப்பினால் அந்த ஒருவர் விடுப்பில் போயிருப்பார். கெடு தாண்டினால் நீதிமன்ற அவமதிப்பு. அதிகாரி நேரில் போய் நிற்க வேண்டும்.

எங்கள் அதிகாரி புதுச்சேரிக்காரர். என்னைவிட வயதில் சிறியவர். காரைக்காலுக்கு மாற்றியது தண்டனை என்பதை இங்கே வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டார். நேரில் நிற்பது பற்றி அவருக்கு ஒரே கொள்கைதான் இருந்தது.

"நான் அங்க போய் நின்னேன்னு வைங்க, நீங்களும் பக்கத்துல நிப்பீங்க. என்னைய அனுப்பிட்டு இங்க உக்காந்து மீன் குழம்பு சாப்பிடலாம்னு நினைக்காதீங்க."

நான் சைவம். அதைச் சொல்லும் நேரம் அதுவல்ல என்று விட்டுவிட்டேன்.

அவர் கோபக்காரர் இல்லை. பயந்தவர். கோபக்காரர் கத்திவிட்டு மறந்துவிடுவார். பயந்தவர் வாட்ஸ்அப்பில் கேள்விக்குறி அனுப்புவார். வெறும் கேள்விக்குறி. எந்த வழக்கு, எந்த மனு, ஒன்றும் இருக்காது. எல்லாவற்றையும் நாமே நினைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். நானும் ஒழுங்காக நினைத்துப் பார்த்தேன். சாப்பிடும்போது, குளிக்கும்போது, கோயில் பிரகாரத்தில். படுத்தால் எல்லா வழக்கும் எண் வரிசைப்படி வந்து நிற்கும். அலுவலகத்தில் அப்படி ஓர் ஒழுங்கு ஒருநாளும் இருந்ததில்லை.

தூக்கம் போனது. பிறகு பசி. பிறகு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தும் அதில் என்ன இருக்கிறது என்று தெரியாத நிலை. அலமாரியைப் பூட்டினேனா என்று பாதி வழியில் ஸ்கூட்டரைத் திருப்புவேன். பூட்டித்தான் இருக்கும். அது எனக்கு நிம்மதி தராது. திரும்பிப் பார்த்திருக்காவிட்டால் பூட்டாமல் இருந்திருக்கும் என்று தோன்றும். பையில் போன் அதிர்ந்தால் எழுந்து நின்றுவிடுவேன். வேறு யாருடைய போன் அதிர்ந்தாலும் அப்படித்தான்.

என் மனைவி தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தாள். பாலில் ஜாதிக்காய், உள்ளங்காலில் எண்ணெய்.

"திருநள்ளாறுக்கு ஒரு நடை போய் முழுகிட்டு வாங்களேன். எங்கேருந்தெல்லாம் வர்றாங்க."

"அவங்க கொண்டாந்து இறக்கி வச்சிட்டு ஊருக்குப் போயிடுறாங்க. நாம இங்கேயேதான இருக்கோம். நாம எங்க போய் இறக்குறது?"

"வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்ல" என்று விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு காலைப்பொழுதில் அலுவலகப் படியில் மார்பை அடைத்தது. வியர்த்துக் கொட்டியது. மாரடைப்புதான் என்று முடிவு செய்தேன். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. மாரடைப்புக்கு யாரும் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்ப முடியாது. ஆனால் மருத்துவர் இ.சி.ஜி. தாளைப் பார்த்துவிட்டு அதையும் மறுத்துவிட்டார்.

"இதயம் நல்லாருக்குங்க. தூக்கம் எப்புடி?"

"அது போயி ரொம்ப நாளாச்சுங்க."

"இது மனப்பதற்றம். லீவு போட்டு ஓய்வு எடுங்க. சர்டிபிகேட்ல அதையே எழுதிடட்டுங்களா?"

விதிகளை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படி ஒரு சான்றிதழ் வந்தால் மருத்துவக் குழுவுக்கு அனுப்பலாம். குழு புதுச்சேரியில். மூன்று மருத்துவர்கள் உட்கார்ந்து, இவர் அரசுப் பணிக்குத் தகுதியானவரா என்று யோசிப்பார்கள். விதியைவிட மோசமானது ஊர். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் ஒருவர் உள்ளதை உள்ளபடி எழுதி விடுப்பு எடுத்தார். குணமாகித் திரும்பியும் வந்தார். அதன்பின் கூட்டத்தில் அவர் எதை மறுத்துப் பேசினாலும் மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. யாரும் கேட்டதில்லை.

"வேற ஏதாச்சும் எழுத முடியுமாங்க?"

மருத்துவர் இந்த ஊர்க்காரர். கேள்வி அவருக்குப் புதிதில்லை. "கழுத்து வலிக்குதுங்களா?"

"உக்காந்து எழுதுறவன் எவனுக்குங்க வலிக்கல."

படம் எடுத்தார்கள். என் வயதில் எவர் கழுத்தைப் படம் எடுத்தாலும் எலும்பு தேய்ந்துதான் இருக்கும்; என்னுடையதும் கடமை தவறாமல் தேய்ந்திருந்தது. கழுத்துத் தேய்மானம் என்று எழுதி விடுப்புக் கொடுத்தார். கழுத்துக்கு ஒரு பட்டையும் கொடுத்தார். விடுப்பு முடிந்து தகுதிச் சான்று கேட்டபோது என்மேல் இரக்கப்பட்டு அவராகவே ஒரு வரி சேர்த்தார். இரு சக்கர வண்டியில் போவதைத் தவிர்க்க வேண்டும், லேசான வேலை தர வேண்டும் என்ற வரி. இங்கே எல்லோரும் கேட்டு வாங்குகிற வரி அது. நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். முப்பது வருடத்துக்கு மேல் விதி படித்தவன், அந்த வரி எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிக்கவில்லை. தூக்கம் இல்லாதவன் மூளை அப்படித்தான் இருக்கும்.

அதிகாரி சான்றைப் படித்துவிட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"என்னங்க இது, முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. இனிமே நீங்க வெயில்ல வண்டில அலைய வேணாம். வெளி வேலையெல்லாம் வேற ஆள் பாத்துக்குவாங்க. நீங்க ஃபேனுக்கு அடியில உக்காந்து கோர்ட் வேலைய மட்டும் பாருங்க. முழுசா பாருங்க."

அன்றே உத்தரவு போட்டார். அலுவலகத்தில் அவ்வளவு வேகமாக வெளிவந்த உத்தரவு வேறு எதுவும் எனக்கு நினைவில்லை. உடல்நலம் கருதி என்று தொடங்கியது. சுரக்குடி போயிற்று, திருவேட்டக்குடி போயிற்று. கீழவாஞ்சூரில் துறைமுகத்து நிலக்கரித் தூசி படிந்த புளியமரங்கள்கூடப் போயின. கேள்விக்குறி மட்டும் முழு நேரத்துக்கும் என்னுடையதானது. எனக்கு வந்தது கழுத்துவலி இல்லை என்று சொல்ல வாய் திறக்க முடியாது. சான்றிதழ் அலுவலகத்தில் இருந்தது, பட்டை கழுத்தில் இருந்தது.

என் பிரிவில் ஓர் உதவியாளர் இருந்தார். என்னைவிடச் சில வருடம் இளையவர், வாய் ஓயாதவர். வெளி வேலை அவருக்குப் போனது. வெளியே கிளம்பும்போதெல்லாம் என் மேஜைப் பக்கம் வந்து நின்று ஹெல்மெட்டைத் தட்டுவார்.

"என்னா சார், பட்டை மாட்டிட்டா தலையாட்ட முடியாதே. அப்பறம் அதிகாரிக்கு எப்புடி வேலை பாப்பீங்க?"

செக்‌ஷனே சிரித்தது. நானும் சிரித்தேன், கழுத்தைத் திருப்பாமல்.

கொஞ்ச காலத்தில் பேனா பிடிக்கும் கை நடுங்கத் தொடங்கியது. இனி மனநல மருத்துவரைப் பார்க்காமல் முடியாது என்று தெரிந்தது. காரைக்காலில் பார்க்க முடியாது. டோக்கன் கொடுப்பவர் சம்பந்தி வழியில் சொந்தமாக இருப்பார். ஒரு விடுமுறை நாளில் கும்பகோணம் பஸ் ஏறினேன். எங்கள் எல்லை எங்கே முடிகிறது என்பதற்குப் பலகை பார்க்க வேண்டாம், கடைசி மதுக்கடையைப் பார்த்தால் போதும். அதைத் தாண்டியதும் பட்டையைக் கழற்றிப் பையில் வைத்தேன்.

மருத்துவர் அறைக்கு வெளியே பெஞ்சில் எங்கள் அதிகாரி உட்கார்ந்திருந்தார். கையில் டோக்கன்.

புதுச்சேரிக்குப் போவதாகச் சொல்லியிருந்தவர். எழுந்திருக்கலாமா என்று அவர் யோசிப்பது தெரிந்தது. என் வெறுங்கழுத்தைப் பார்த்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். என் கையைப் போலவே அதுவும் நடுங்கியது.

"கழுத்து எப்படி இருக்கு?" என்றார் கடைசியில்.

"பரவாயில்லைங்க சார். உங்களுக்கு என்னங்க?"

"வயிறு. ரொம்ப நாளா வயிறு."

"வயித்து டாக்டர் மாடியிலங்க சார்."

"அப்படியா. போர்டை சரியா பாக்கலை" என்றார். ஆனால் மாடிக்குப் போகவில்லை. உள்ளே கூப்பிட்டபோது எழுந்து போனார். வெளியே வந்தபோது என்னைப் பார்க்காமல் போனார்.

அடுத்த வேலை நாளில் எங்கள் இருவரையும், என்னையும் உதவியாளரையும், அறைக்கு அழைத்தார். கண் மட்டும் மேஜையிலேயே இருந்தது.

"குனிஞ்சு எழுதுறது இவர் கழுத்துக்கு ஒத்து வரலை. வெளி வேலைய இவரே பாக்கட்டும், ஆட்டோவுல போகட்டும். கோர்ட் வேலைய நீங்க எடுத்துக்குங்க."

"சார், எனக்கு கோர்ட் பழக்கம் இல்லைங்க."

"பழகிக்குவீங்க."

என்னைத் தூரமாக வைப்பதுதான் அவருக்குத் தேவைப்பட்டது. பெஞ்சில் அவரைப் பார்த்தவன் தினமும் எதிரில் வந்து நிற்கக்கூடாது. எந்த மனுவும் விளக்கமும் செய்ய முடியாததை ஒரு பெஞ்ச் செய்தது. நான் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டேன், வரப்புகளைப் பார்த்தேன், மெல்ல மெல்லத் தூங்க ஆரம்பித்தேன். குணப்படுத்தியது மாத்திரையா, நாற்காலி மாறியதா என்று மருத்துவர் கேட்டார். தெரியாது, இரண்டில் எதையும் விடுவதாக இல்லை என்றேன்.

உதவியாளர் முதலில் பேச்சைக் குறைத்தார். பிறகு சாப்பாட்டை. பையைத் தடவித் தடவிப் போனைத் தேடுவார். அது மேஜைமேல் இருக்கும். வாசல்வரை போய்விட்டு அலமாரியைப் பார்க்கத் திரும்புவார். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அதே வரிசையில் வந்தது. விடுப்பு எடுத்தார், இடுப்பில் பெல்ட்டோடு திரும்பினார்.

"முதுகு சார். டிஸ்க் தேஞ்சிடுச்சாம்."

தகுதிச் சான்றை நீட்டினார். அது என் வழியாகத்தான் மேலே போக வேண்டும். அந்த வரி அதில் இருந்தது. வண்டியில் போகக்கூடாது, லேசான வேலை.

இந்த வரியை எடுத்துவிட்டு வாங்கி வாருங்கள், கும்பகோணத்தில் ஒரு மருத்துவர் இருக்கிறார் என்று நான் சொல்லியிருந்தால் அவர் தப்பியிருக்கலாம். அவர் எழுந்துவிட்டால் அந்த நாற்காலியில் அடுத்து உட்கார, கோர்ட் வேலை தெரிந்தவராக எங்கள் பிரிவில் மிச்சம் இருந்தது ஒரே ஆள். விதியில் ஒரு குறையும் இல்லை. பரிந்துரைக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கவில்லை.

என் பணி நிறைவு விழாவில் வாழ்த்துரை வாசித்தவர் அந்த உதவியாளர்தான். சால்வை, மாலை, ஒரு நல்ல தலையணை. கழுத்துக்கு இதமானது என்று எல்லோரும் சேர்ந்து வாங்கியது. வாசிக்கும்போது தாள் அவர் கையில் படபடத்தது. ஒரு வரியை இரண்டு முறை படித்தார், மூன்றாவது முறையும் தொடங்கி நிறுத்தினார். நான் போவதை அவரால் தாங்க முடியவில்லை என்று நினைத்துச் சபை கண் கலங்கியது. அதிகாரி முதல் வரிசையில் வயிற்றில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

மதியம் வீட்டுக்கு வந்தேன். தலையணையின் உறையைப் பிரித்து, அதில் தலையை வைத்தேன். மனைவி காபி போட்டு எழுப்பும்வரை ஒன்றும் தெரியவில்லை.