முனியராஜ் பார்த்துவந்த பவளத் தொட்டி

விருதுநகர் தெப்பக்குளத்தை ஒட்டிய சந்தில் முனியராஜுக்கு ஒரு சின்ன மீன்கடை இருந்தது. தின்கிற மீன் இல்லை, வீட்டுத் தொட்டியில் வளர்க்கிற மீன். ஆமத்தூர்க்காரர். இளவயதில் ஏழு வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். கந்தக நெடி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் வெளியே வந்து, மதுரையில் ஒரு கடையில் மீன் பராமரிப்பைக் கற்றுக்கொண்டார். மனைவி வள்ளித்தாய் வீட்டிலிருந்தே வெடிகளுக்குக் காகிதக் குழாய் சுற்றினாள். பிள்ளை இல்லை. ஒருவருக்கொருவர் அதிகம் பேசிக்கொள்கிறவர்களும் இல்லை. ஆனால் அவர் கடையைப் பூட்டிவிட்டு வரும்வரை அவள் சாப்பிட்டதில்லை.

2007இல் சிவகாசியிலிருந்து ஆள் வந்தது. பட்டாசு ஆலை முதலாளி வெள்ளைத்துரை, சிங்கப்பூர் ஓட்டலில் பார்த்து ஆசைப்பட்டு, வீட்டு ஹாலில் ஆறடிக்குக் கடல் தொட்டி வைத்திருந்தார். சென்னைக்காரர்கள் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். வாரம் இரண்டு நாள் வந்து பார்க்க உள்ளூர் ஆள் வேண்டும்.

முனியராஜ் அதுவரை பவளத்தைத் தொட்டதில்லை. கை விரல் போல அசைகிற மெத்துப் பவளம் ஒரு பக்கம், மான்கொம்பு போல விறைத்து நிற்கிற கல் பவளம் மறுபக்கம். மெத்துப் பவளத்துக்குத் தண்ணீரில் கொஞ்சம் அழுக்கு இருந்தால்தான் பிடிக்கும். கல் பவளத்துக்குச் சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே தண்ணீரில் வாழவைப்பது பெரிய தொட்டிக்கு அடியில் இருந்த கீழ்த்தொட்டிக்குள் நின்ற ஸ்கிம்மர் என்ற குழாய்தான். அது காற்றையும் தண்ணீரையும் கலக்கிப் பொடிக் குமிழியாக்கும். அழுக்கு குமிழியில் ஒட்டி, நுரையாக ஏறி, மேலே உள்ள கிண்ணத்தில் விழும். அதிலுள்ள காற்றுத் திருகை ஒரு நூல் கூடத் திருப்பினால் நல்ல தண்ணீரே பொங்கி வழியும். குறைத்தால் நுரை ஏறாது. ஒரு தடவை திருப்பிவிட்டு ஒரு நாள் காத்திருக்க வேண்டும். ஒன்றரை மாசம் போராடிய பிறகு கிண்ணத்தில் டீ டிக்காஷன் நிறத்தில், மூக்கைப் பொத்த வைக்கிற அழுக்கு இறங்கியது. அன்றைக்கு முனியராஜ் அதை ஒரு பாட்டிலில் பிடித்து வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டினார்.

"ஏங்க, இந்த நாத்தத்தையா இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்தீக?" என்று வள்ளித்தாய் சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிப்போனார். தொட்டி முன்னால் வெகுநேரம் நின்றாள். முதலாளியின் மனைவி சொர்ணலட்சுமி காபி கொடுத்து, நல்லபடியாகத்தான் பேசினார். அந்தத் தைரியத்தில் முனியராஜ் கேட்டார்: "அம்மா, நம்ம கம்பெனியில இவளுக்கு ஒரு வேல போட்டுக் குடுங்களேன். பேக்கிங் மாதிரி. வெடிமருந்துப் பக்கம் வேண்டாம்."

"அதுக்கென்ன, சொல்லிர்றேன்" என்றார் சொர்ணலட்சுமி. அடுத்த வாரமே கம்பெனி வேன் வள்ளித்தாயை ஏற்றிக்கொள்ள ஆமத்தூருக்கு வந்தது.

2008 ஆகஸ்டில், தீபாவளி சீசன் நெருக்கடி. ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். முனியராஜ் தரையில் உட்கார்ந்து ஸ்கிம்மர் திருகைப் பிடித்திருந்தார். அந்த வருஷம் மின்வெட்டு அதிகம். கரண்டு நின்றால் மேல்தொட்டித் தண்ணீர் கீழே இறங்கி மட்டம் ஏறிவிடும், திரும்ப வந்ததும் ஸ்கிம்மர் பொங்கும். அதைத்தான் சரிசெய்துகொண்டிருந்தார். தூரத்தில் தொம்மென்று ஒரு சத்தம். தொட்டித் தண்ணீர் சிலிர்த்தது, மீன்கள் பவள இடுக்கில் ஒளிந்தன. சிவகாசியில் வெடியை வெடித்துப் பார்ப்பது வழக்கம். அப்படித்தான் நினைத்து, திருகை இன்னும் கொஞ்சம் மூடினார்.

கால் மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. சொர்ணலட்சுமி எடுத்துக் கேட்டார். பிறகு போனை வைக்காமலே திரும்பி முனியராஜைப் பார்த்தார்.

வெடித்தது அவர்கள் ஆலைதான், இறந்தவர்கள் ஏழு பேர். ஆஸ்பத்திரியில் வள்ளித்தாயை அடையாளம் காட்டச் சொன்னார்கள். காட்டினார்.

ஒரு மாதத்துக்கு முன்பே வள்ளித்தாயைப் பேக்கிங்கிலிருந்து மருந்து அடைக்கிற அறைக்கு மாற்றியிருந்தார்கள். அவரிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விட்டு நிற்கச் சொல்லுவார் என்று தெரிந்திருக்கும். நான்கு பேர் உட்கார வேண்டிய அறையில் அன்றைக்கு ஏழு பேர்.

வெள்ளைத்துரை தலைமறைவானார். ஃபோர்மேனைக் கைது செய்தார்கள். ஒன்பதாம் நாள் முனியராஜின் செல்லுக்குச் சொர்ணலட்சுமி கூப்பிட்டார்.

"ஹாலெல்லாம் தண்ணி ஓடுது முனியராஜு. யாரக் கூப்புடுறதுன்னு தெரியல."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவரை வள்ளித்தாயின் அண்ணன் சங்கிலிமுத்து வாசலில் மறித்தார். "மாப்ள, எந்தங்கச்சியக் கொன்னவன் வீட்டு மீனுக்கா சேவகம் பாக்கப் போறீரு?"

"மீனு என்ன மச்சான் பண்ணுச்சு?" என்றார் முனியராஜ். சொல்லிவிட்டு வாசலிறங்கி நடந்தார்.

கிண்ணம் பொங்கி அழுக்கெல்லாம் தொட்டிக்கே திரும்பியிருந்தது. கல் பவளம் ஒரு பக்கம் வெளுத்துவிட்டது. கீழ்த்தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றினார், ஸ்கிம்மரைக் கழுவினார், திருகைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். கை தானாக வேலை செய்தது. அன்றைக்கு இந்த இடத்தில் இப்படியே உட்கார்ந்திருந்தோம் என்ற நினைப்பு வந்ததும் திருகிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நான் வீட்டுக்குக் கேதம் கேக்க வந்திருக்கணும்" என்றார் பின்னால் நின்ற சொர்ணலட்சுமி.

முனியராஜ் திரும்பவில்லை. "அம்மா, அவள மருந்து ரூமுக்கு மாத்துனது யாரு?"

"ஆர்டர் முடியல... ஆளு பத்தல. அவருதான் சொன்னாரு."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

முனியராஜ் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் வந்தார். நுரை ஒரு நிலைக்கு வர அந்த நாட்கள் வேண்டும். மூன்றாம் நாள் சொர்ணலட்சுமியைத் தரையில் உட்காரச் சொல்லி, திருகைப் பிடிக்க வைத்தார். "இம்புட்டுத்தான் திருப்பணும். திருப்பிட்டு நாளைக்கி வந்து பாருங்க. அவசரப்பட்டா அம்புட்டும் போயிரும். இனி நீங்கதாம் பாத்துக்கிடணும். நான் வர மாட்டேன்."

அவர் தலையாட்டினார். 

விசாரணையில் முனியராஜ் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்: கேட்ட வேலை பேக்கிங், மாற்றியது முதலாளி சொல்லி, அது வீட்டம்மாவுக்கும் தெரியும். வெளியே வரும்போது சங்கிலிமுத்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். முனியராஜுக்கு அழுகை வரவில்லை. வேலை கேட்டது நான்தானே என்பதை எந்த அதிகாரியும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதுதான் அவரைத் தின்றது.

அந்தக் குளிர்காலத்தில் மின்வெட்டு இன்னும் கூடியது. முதலாளி வீட்டு ஜெனரேட்டரைப் பார்த்த ஆளும் நின்றுவிட்டான் என்று காதில் விழுந்தது. பவளம் செத்துக்கொண்டிருக்கும் என்று தெரிந்தும் முனியராஜ் போகவில்லை. 

தைப் பொங்கல் கழிந்து, சொர்ணலட்சுமியே காரில் விருதுநகருக்கு வந்தார். கையில் மூடிபோட்ட வாளி. உள்ளே வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு ஆரஞ்சு மீன்கள்.

"மத்ததெல்லாம் போயிருச்சு. நான் ஒளுங்காத்தான் பாத்தேன் முனியராஜு."

"கரண்டு இல்லாம யாரு பாத்தாலும் நிக்காதும்மா" என்றார். வாளியை வாங்கிக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை. சொர்ணலட்சுமியும் நிற்காமல் கிளம்பினார்.

கடையின் பின்பக்கம் சின்னத் தொட்டியில் உப்பு கலந்து இரண்டையும் விட்டார். ஒன்று நான்கு நாளில் செத்தது. இன்னொன்று ஒன்றரை வருஷம் இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்த்து விலை கேட்பார்கள்.

"அது குடுக்கிறதுக்கில்ல" என்று சொல்லிவிட்டு, வேறு மீனைக் காட்டுவார்.